பழைய வாஷர் சொல்லும் பொய்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பருவம் என்பதால் இந்தத் தடை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் அதுதான் பழுதுபார்க்கும் பருவம். லாஞ்சுகளைக் கரையேற்றி, அடிப்பலகை பார்த்து, ஃபைபர் பூசி, பெயின்ட் அடிப்பார்கள். இன்ஜினைப் பிரித்துப் போடுவார்கள். ‘அடுத்த ட்ரிப் முடியட்டும்’ என்று பத்து மாதமாகத் தள்ளிப் போட்ட வேலை அத்தனையும் தடை முடிவதற்குள் தீர்ந்தாக வேண்டும்.

அந்த நாட்களில் துறைமுகத்தை ஒட்டிய ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனாலும், பாரிமுனைக்கு வந்து லிங்கி செட்டித் தெருவில் ஏறி இறங்கினாலும், கவுண்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: “சாம்பிள் எடுத்தாந்தீங்களாண்ணா?”

கழற்றிய பழைய வாஷரையோ ஓ-ரிங்கையோ மேசைமேல் வைத்தால், கடைக்காரர் அதை வெர்னியரில் அளப்பார். தட்டில் தேடி அதே அளவில் புதிதாக ஒன்று எடுத்துக் கொடுப்பார். பல நேரம் அது சரியாக உட்கார்ந்துவிடும். சில நேரம் ஒரே வாரத்தில் பழையபடி ஒழுகும். ‘டூப்ளிகேட் மாலு’ என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு இன்னொரு கடைக்குப் போவோம். அங்கும் அதே சாம்பிள், அதே அளவு, அதே ஒழுகல். இப்படி நடப்பதற்கு ரப்பரின் வேதியியலில் தெளிவான காரணம் இருக்கிறது. லாஞ்சு இன்ஜினுக்குப் பொருந்தும் அந்தக் காரணம், சில ஆண்டுகளாகச் சென்னை வீடுகளின் சமையல் மேடைகளில் இடம்பிடித்துவரும் எஸ்பிரெசோ மெஷினுக்கும் அப்படியே பொருந்தும்.

முதலில் அந்த மெஷினுக்குள் நடப்பதைப் பார்ப்போம். தொட்டியிலிருந்து பம்ப் தண்ணீரை இழுத்துக் கொதிகலனுக்குத் தள்ளுகிறது. அங்கே 90 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை சூடான தண்ணீர், கைப்பிடிக் கிண்ணத்தில் அழுத்தி வைத்த காபித் தூளின் ஊடாகச் சுமார் 9 பார் அழுத்தத்தில் பாய்கிறது. 1961-இல் இத்தாலியின் ஃபாயெமா நிறுவனம் கொண்டுவந்த ‘இ-61’ மெஷின், கையால் நெம்புகோல் இழுக்கும் வேலையை மின்சாரப் பம்பிடம் ஒப்படைத்தது. 9 பார் என்ற கணக்கு அன்று முதல் நிலைபெற்றது. அதற்கு முன்பு, 1901-இல் லுயிஜி பெட்சேரா காப்புரிமை பெற்ற இயந்திரத்தில், நீராவியின் அழுத்தமே தண்ணீரைத் தள்ளியது. நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் உஸ்ஸென்று பால் நுரைத்துக் கொடுக்கும் ‘எக்ஸ்பிரஸோ காபி’ இயந்திரமும் நீராவியை மட்டும் நம்புவதுதான். நுரை கிடைக்கும், 9 பார் அழுத்தம் அங்கே கிடையாது.

கைப்பிடிக் கிண்ணம் மெஷினின் தலைப்பகுதியில் திருகிப் பூட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே ஒரு தடித்த ரப்பர் கேஸ்கெட். பரவலாக இருக்கும் 58 மில்லிமீட்டர் கிண்ணத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் வட்டப் பரப்பு சுமார் 26 சதுர செ.மீ. ஒவ்வொரு சதுர செ.மீ.யிலும் 9 கிலோவுக்குச் சற்று அதிகமான விசை. மொத்தம் ஏறத்தாழ 240 கிலோ. ஒவ்வொரு முறை காபி போடும்போதும் மூன்று நான்கு ஆட்களின் எடை அந்தக் கிண்ணத்தைக் கீழே தள்ளப் பார்க்கிறது. அப்போது சுடுதண்ணீர் பக்கவாட்டில் பீறிடாமல் தடுத்து நிற்பது அந்த ரப்பர் வளையம் ஒன்றுதான்.

ரப்பர் என்பது நீள நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளின் சிக்கல். அந்தச் சங்கிலிகளை ஆங்காங்கே குறுக்குப் பிணைப்புகள் கட்டிப் போட்டிருக்கின்றன. அழுத்தினால் அமுங்கி, விட்டால் பழைய வடிவுக்கு எழும்புவது இந்தக் குறுக்குப் பிணைப்புகளால்தான். கந்தகத்தோடு சூடாக்கினால் இப்படிப் பிணைப்பு உண்டாகும் என்று சார்ல்ஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்தார். ஆனால் ரப்பரை அமுக்கிய நிலையிலேயே வைத்து, மாதக்கணக்கில் சூடும் காட்டினால் என்ன ஆகும்? பழைய பிணைப்புகளில் சில அறுந்து போகும். அமுங்கிய நிலையிலேயே புதுப் பிணைப்புகள் முளைக்கும். ரப்பருக்கு இனி அந்த நசுங்கிய உருவமே சொந்த உருவம். அழுத்தத்தை எடுத்தாலும் எழும்பாது. பொறியாளர்கள் இதைக் ‘கம்ப்ரஷன் செட்’ என்கிறார்கள். ஆய்வகத்தில் ரப்பர் துண்டை நான்கில் ஒரு பங்கு நசுக்கி, அடுப்பில் குறிப்பிட்ட மணி நேரம் வைத்திருந்து, வெளியே எடுத்தபின் எவ்வளவு எழும்பாமல் போயிற்று என்று அளந்து ரப்பரின் தரத்தைச் சொல்வார்கள்.

சாம்பிள் பொய் சொல்லும் இடம் இதுதான். எட்டரை மில்லிமீட்டர் தடிமனில் பிறந்த கேஸ்கெட் வெளியே வரும்போது மெலிந்திருக்கும். கிண்ணத்தின் விளிம்பு பதிந்த பள்ளம் அதன் முகத்தில் தெரியும். அதை அளந்து அதே அளவில் புதியது வாங்கினால், தேய்ந்துபோன அளவையே நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். எதிர்ப்பக்கத்துப் பொய்யும் உண்டு. டீசல் லைனில் ஒவ்வாத ரப்பரைப் போட்டால் அது எண்ணெயைக் குடித்து உப்பிவிடும். உப்பிய ஓ-ரிங்கைச் சாம்பிளாகக் கொண்டுபோனால் கடையில் பெரிய சைஸ் கொடுப்பார்கள். அதைப் பள்ளத்துக்குள் திணித்து மூடியை இறுக்கும்போது வெட்டுப்பட்டு வரும்.

அதனால் அளக்க வேண்டியது அந்த ரப்பர் உட்காரும் இடத்தை. உலோகப் பள்ளத்தின் ஆழம், அகலம், உள்விட்டம், வெளிவிட்டம். இந்த அளவுகள் சூட்டில் சுருங்குவதில்லை, எண்ணெயில் உப்புவதில்லை. அசையாத மூட்டில் உட்காரும் ஓ-ரிங் தன் தடிமனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நசுங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பள்ளத்தின் ஆழம் 2.4 மி.மீ. என்றால் 3 மி.மீ. தடிமன் உள்ள வளையம். ஆழத்தோடு அதன் கால் பங்கைக் கூட்டினால் எந்த வளையம் என்று தானாகத் தெரிந்துவிடும். ‘கொஞ்சம் தடியாகவே போட்டுவிடலாம், நல்லா இறுகும்’ என்ற எண்ணம் தவறு. ரப்பரை நசுக்கினால் உருவம்தான் மாறும். கன அளவு குறையாது. பள்ளத்தின் அகலத்தில் விரிய இடமில்லாவிட்டால் அது மூடியை நெம்பும், அல்லது கிழியும்.

ஓ-ரிங்கை வடிவமைத்து அமெரிக்கக் காப்புரிமைக்கு 1937-இல் விண்ணப்பித்தவர் நீல்ஸ் கிறிஸ்டென்சன். டென்மார்க்கில் பிறந்தவர், அப்போது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. அழுத்தம் கூடக் கூட அந்த வளையம் பள்ளத்தின் ஓரத்தில் போய் இன்னும் இறுக்கமாக அடைத்துக்கொள்ளும் என்பதே அந்த எளிய வடிவத்தின் சிறப்பு. ஆனால் முதலில் கொஞ்சமாவது நசுங்கியிருந்தால்தான் இந்த வேலை தொடங்கும். தேய்ந்த சாம்பிளை நம்பி வாங்கிய வளையத்துக்கு அந்த முதல் நசுங்கலே கிடைப்பதில்லை.

வீட்டு மெஷினில் கேஸ்கெட்டின் வயதைக் கழற்றாமலே அறிய ஒரு வழி இருக்கிறது. கைப்பிடியைப் பூட்டி இறுக்கும்போது, புதுக் கேஸ்கெட் என்றால் பிடி ஏறத்தாழ நமக்கு நேர் எதிரே வந்து நிற்கும். ரப்பர் மெலிய மெலிய பிடி வலப்பக்கம் தள்ளிக்கொண்டே போகும். ஒரே மெஷினுக்கு 8, 8.5, 9 மி.மீ. என்று பல தடிமனில் கேஸ்கெட் விற்பதற்கும் காரணம் உண்டு. பூட்டும் உலோகக் காதுகளே வருடக்கணக்கில் தேய்ந்திருந்தால் தடித்த ரப்பர்தான் அதை ஈடுகட்டும். பழையதை எடுத்தபின் அந்தப் பள்ளத்தில் கருகிக் கிடக்கும் காபிப் பிசினைச் சுரண்டி எடுக்காமல் புதியதை ஏற்றுவது வீண் வேலை. காய்ந்த பிசினின் மேல் ரப்பர் சமமாக உட்காராது.

கருப்பெல்லாம் ஒன்றல்ல

அளவு கிடைத்துவிட்டது. எந்த ரப்பர் என்பது அடுத்த கேள்வி. கடையில் இதை யாரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. பெரும்பாலான தவறுகள் நடப்பது இங்கேதான்.

வட சென்னைக் கடைகளின் தட்டுகளில் அதிகமாக இருப்பது நைட்ரைல் ரப்பர். லாரி, கிரேன், போட் இன்ஜின் எல்லாவற்றிலும் டீசலும் ஆயிலும்தான் ஓடுகின்றன; நைட்ரைல் அவற்றைத் தாங்கும். அதற்காகவே 1930-களில் ஜெர்மனியில் உருவானது. ஆனால் சுடுதண்ணீரிலும் நீராவியிலும் தொடர்ந்து இருந்தால் நைட்ரைல் கெட்டிப்பட்டு வெடிக்கும். சுடுதண்ணீருக்கும் நீராவிக்கும் ஏற்றது ஈ.பி.டி.எம். என்ற ரப்பர், 150 டிகிரி வரை சமாளிக்கும். அதே ஈ.பி.டி.எம்.மை டீசல் லைனில் போட்டால் உப்பிப் பாழாகும். சிலிக்கோன் 200 டிகிரி உலர்ந்த சூட்டைத் தாங்கும் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். அழுத்தமான நீராவியில் அதற்கு அந்த ஆயுள் இல்லை. விட்டான் எனப்படும் விலை உயர்ந்த ஃப்ளோரோ ரப்பருக்கும் அப்படித்தான்: ஆயிலுக்கும் சூட்டுக்கும் அருமை, அதன் சாதாரண ரகங்கள் நீராவிக்கு ஆகாது. விலை கூடினால் எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது.

நைட்ரைலும் ஈ.பி.டி.எம்.மும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டுக்கும் அந்தக் கருப்பு, வலுவூட்டச் சேர்க்கும் கார்பன் தூளிலிருந்து வருவது. எது எது என்று சந்தேகம் வந்தால் இரண்டு வளையம் வாங்கி, ஒன்றை ஒரு நாள் இன்ஜின் ஆயிலில் ஊற வைத்துப் பாருங்கள். உப்பினால் ஈ.பி.டி.எம். என்று நினைக்க இடமுண்டு. அளவு மாறாமல் இருந்தால் நைட்ரைல். ஊறப்போட்டதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். ஆய்வகச் சான்றுக்கு இது ஈடாகாது. காபி தொடும் இடத்துக்கு உணவுத்தரம் என்று எழுத்தில் உறுதி சொல்லும் பொருளே வேண்டும்.

குக்கர் கேஸ்கெட்டுக்கும் இதே வாழ்க்கைதான். வெயிட் போட்ட குக்கருக்குள் வெளிக்காற்றைவிட ஒரு பார் அழுத்தம் கூடும். தண்ணீர் 120 டிகிரியில் கொதிக்கும். எஸ்பிரெசோ மெஷினில் நுரைக்காக நீராவி தயாராகும் கொதிகலனிலும் ஏறத்தாழ அதே நிலைமை. குக்கர் ரப்பருக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் தனியாக விதிமுறையே வகுத்திருக்கிறது. வீட்டில் குக்கர் ரப்பர் இறுகிவிட்டால் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் நமக்கு உண்டு. எஸ்பிரெசோ மெஷினின் ஈ.பி.டி.எம். வளையங்களில் அதைச் செய்யக் கூடாது. தேங்காய் எண்ணெயோ வாசலினோ அந்த ரப்பருக்குள் ஊறி அதை மென்மையாக்கி உப்ப வைக்கும். உணவுத்தரச் சிலிக்கோன் கிரீஸ் மெல்லியதாகப் பூசலாம். வளையமே சிலிக்கோன் ரப்பர் என்றால் சிலிக்கோன் கிரீஸும் வேண்டாம். இனம் இனத்தோடு சேர்ந்து ஊறிவிடும்.

ரப்பரைப் பற்றிப் பேசும்போது இந்த மண்ணின் கதையையும் சொல்லியாக வேண்டும். காசிமேட்டுக்கு வடக்கே திருவொற்றியூரில், 1946-இல், கே. எம். மாம்மன் மாப்பிள்ளை ஒரு சின்னக் கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். ‘மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி’, இன்றைய எம்.ஆர்.எஃப்., அங்கே பிறந்ததுதான். இரண்டாண்டு கழித்து, 1948-இல், எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் வந்தது. 1955-இல் அது அசோக் லேலண்ட் ஆனது. லாரிக்காகப் பிறந்த லேலண்ட் இன்ஜின்கள் படகுகளுக்கும் போயின. ரப்பரும் இரும்பும் டீசலும் கடலும் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் வட்டாரம் தமிழ்நாட்டில் வேறு இல்லை என்றே சொல்வேன்.

மரை சேரவில்லை என்றால்

இத்தாலிய மெஷினுக்கு உதிரிபாகம் இத்தாலியிலிருந்துதான் வர வேண்டும் என்று நினைத்துப் பலர் மெஷினை மூலையில் வைத்துவிடுகிறார்கள். குழாய் இணைப்புகளைப் பொறுத்தவரை இது உண்மையில்லை. பெரும்பாலான எஸ்பிரெசோ மெஷின்களின் தண்ணீர் இணைப்புகள் பி.எஸ்.பி. எனப்படும் பிரிட்டிஷ் குழாய் மரையில் அமைந்தவை. நம் வீட்டு பிளம்பிங்கும் அதே மரைதான். ஹார்டுவேர் கடையின் முக்கால், அரை, கால் இஞ்சுச் சாமான்களும் மிலானில் செய்த மெஷினும் ஒரே குடும்பம்.

சைஸ் சொல்லும்போதுதான் கவனம் வேண்டும். ‘கால் இஞ்சு’ மரையை வெர்னியரில் அளந்தால் வெளிவிட்டம் 13 மி.மீ.க்குச் சற்று மேலே காட்டும். ‘அரை இஞ்சு’ 21 மி.மீ. காட்டும். அந்தக் காலத்துக் குழாயின் உள்துளையை வைத்துப் பெயரிட்டதால் இந்த வித்தியாசம். அளந்து பார்த்து ‘இது அரை இஞ்சுதான்’ என்று 13 மி.மீ. மரைக்கு அரை இஞ்சு நிப்பிள் கேட்பவர் இரண்டு முறை கடைக்கு நடப்பார்.

அமெரிக்க மெஷின் என்றால் கதை வேறு. 1841-இல் ஜோசப் விட்வொர்த் இங்கிலாந்துக்கு வகுத்த மரையின் பற்கள் 55 டிகிரிக் கோணம். 1864-இல் வில்லியம் செல்லர்ஸ் ஃபிலடெல்ஃபியாவில் முன்வைத்தது 60 டிகிரி. அரை இஞ்சிலும் முக்கால் இஞ்சிலும் பிரிட்டிஷ் குழாய் மரைக்கும் அமெரிக்கக் குழாய் மரைக்கும் ஒரு இஞ்சுக்கு 14 பற்கள். அதனால் ஒன்றுக்குள் ஒன்று ஏறும். இரண்டு மூன்று சுற்று இறங்கி இறுகியும் நிற்கும். பற்களின் கோணம் வேறு என்பதால் அழுத்தம் வந்ததும் ஒழுகும். கால் இஞ்சில் 19-க்கு 18 என்பதால் சீக்கிரமே மல்லுக்கட்டும். அதுவே நல்லது, தவறு உடனே தெரிந்துவிடும்.

மரை சேராவிட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1904 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் சாட்சி. ஊரே பற்றி எரிந்தபோது வாஷிங்டனிலிருந்தும் ஃபிலடெல்ஃபியாவிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் தீயணைப்பு வண்டிகள் வந்து சேர்ந்தன. அவர்கள் கொண்டுவந்த குழாய்கள் பல பால்டிமோரின் தண்ணீர்க் குழாய் வாயில் பொருந்தவில்லை. தண்ணீர் இருந்தது, ஆள் இருந்தது, வண்டி இருந்தது, மரை சேரவில்லை. 1,500-க்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அதன் பிறகுதான் அந்த நாடு தீயணைப்புக் குழாய்களுக்கு ஒரே அளவு வேண்டும் என்று இறங்கியது.

ஒரே அளவைக் காப்பாற்றியதால் ஒரு இயந்திரம் பிழைத்த கதை திருவொற்றியூரிலேயே இருக்கிறது. ராயல் என்ஃபீல்டு புல்லட்டை 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்து நிறுவனத்தோடு சேர்ந்து இங்கே தயாரிக்கத் தொடங்கியது. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள்; பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்தன; பாகங்கள் இங்கேயே செய்யப்பட்டன. இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தி 1970-இல் நின்றுபோனது. திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1977-இல் இங்கிருந்து புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. தாய் நிறுவனம் மறைந்த பிறகும் உதிரிபாகம் செய்யத் தெரிந்த ஊர் இருந்தால் இயந்திரம் வாழும் என்பதை வட சென்னை நடத்திக் காட்டியிருக்கிறது. எஸ்பிரெசோ உலகில் இ-61 தலைப்பகுதிக்கும் இதேதான் நடந்தது. பல நிறுவனங்கள் அதே வடிவத்தை எடுத்துக்கொண்டதால், அறுபது ஆண்டு கழிந்தும் அதன் கேஸ்கெட் இன்றும் சுலபமாகக் கிடைக்கிறது.

கிடைக்காத பாகத்தை லேத்தில் கடைந்துகொள்ளலாம் என்பது நம் ஊரின் பலம். அங்கே ஒரு எச்சரிக்கை. கடைவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று சாதாரணப் பித்தளையில் இரண்டு மூன்று சதவீதம் ஈயம் சேர்ப்பார்கள். படகின் குழாய்க்கு அது பரவாயில்லை. குடிக்கும் காபி தொடும் இடத்தில், அதுவும் உப்புப் படிவம் நீக்கச் சிட்ரிக் அமிலம் விட்டுக் கழுவும் இடத்தில், அந்தப் பித்தளை வேண்டாம். 304 அல்லது 316 ரக எவர்சில்வரில் கடையச் சொல்லுங்கள்.

உலோகத்தோடு உலோகம் சேரும்போது இன்னொரு சிக்கல். இரண்டு வேறு உலோகங்கள் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டால் அங்கே ஒரு சின்ன மின்கலம் உண்டாகும்; அவற்றில் ஒன்று அரித்துக் கரையும். 1824-இல் ஹம்ஃப்ரி டேவி, பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செம்புத் தகட்டைக் காக்க இரும்பையும் துத்தநாகத்தையும் கூடப் பொருத்திக் காட்டினார். துத்தநாகம் தான் கரைந்து செம்பைக் காக்கும். படகுகளின் தண்ணீருக்குள் இருக்கும் உலோகத்தில் துத்தநாகக் கட்டி பொருத்துவதும், கரைந்தபின் மாற்றுவதும் அந்த அறிவின் தொடர்ச்சிதான். வீட்டு மெஷின்கள் சிலவற்றில் அலுமினியக் கொதிகலன் பித்தளைத் தலைப்பகுதியோடு நேராகப் பூட்டியிருக்கும். உப்புக் கூடிய போர்த் தண்ணீரை அதில் ஊற்றினால் அலுமினியம்தான் பலியாகும். ஓ-ரிங் மாற்றப் பிரிக்கும்போது அந்த முகம் வெள்ளைப் பொடி படிந்து குழிவிழுந்திருந்தால், எந்த ரப்பரும் அங்கே நிற்காது. சமதளத்தில் தேய்த்து முகத்தைச் சமப்படுத்திய பிறகே புது வளையம்.

போர்த் தண்ணீர் கெடுதல் என்பதால் முழுக்க ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுவதும் தீர்வாகாது. நீராவிக் கொதிகலன் தனியாக உள்ள மெஷின்களில் தண்ணீர் மட்டத்தை அறிய ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரின் வழியே மிகச் சிறிய மின்னோட்டம் பாய்ந்தால்தான் அதற்குத் தண்ணீர் இருப்பது தெரியும். உப்பே இல்லாத தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தாது. கொதிகலன் நிறைந்த பிறகும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். நல்ல பம்பைக் ‘கெட்டுப்போச்சு’ என்று மாற்றுவதற்கு முன் தண்ணீரைப் பார்ப்பது செலவைக் குறைக்கும்.

ஒழுகுவதெல்லாம் பழுது என்றும் சொல்ல முடியாது. லாஞ்சின் புரொப்பல்லர் தண்டு படகின் உடலைத் துளைத்து வெளியே போகும் இடத்தில் கிளாண்ட் இருக்கும். அதற்குள் கிரீஸ் ஊறிய கயிற்றைச் சுற்றி நட்டால் அழுத்தியிருப்பார்கள். தண்டு சுழலும்போது அங்கே தண்ணீர் துளித்துளியாகச் சொட்ட வேண்டும். அந்தச் சொட்டுதான் தண்டைக் குளிர்விக்கும். ஒரு சொட்டும் வராமல் இறுக்கினால் கயிறு எரிந்து தண்டு தேயும். எஸ்பிரெசோ மெஷினின் நீராவிக் குழாயிலும் சிறு கிளாண்ட் உள்ள ரகங்கள் உண்டு. அங்கே சுழல்வது நம் விரலின் வேகத்தில்தான். அதனால் அங்கே சொட்டே கூடாது. ஒரே வகை அடைப்பு, ஆனால் வேலை வேறு. உதிரிபாகத்தை அதன் பெயரை வைத்து மட்டும் தீர்மானிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

மின்சாரப் பக்கத்தில் விளையாட்டு வேண்டாம்

அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் கொண்டுவரும் மெஷின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. சூடேற்றியின் திறன் வோல்ட்டின் வர்க்கத்தில் ஏறும். 1,200 வாட் சூடேற்றியை நம் 230 வோல்ட்டில் செருகினால் 4,400 வாட் இழுக்கப் பார்க்கும், நொடிகளில் எரியும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. வீட்டு மெஷின்களின் பம்ப் ஒரு கம்பிச்சுருளும் அதற்குள் முன்னும் பின்னும் துள்ளும் பிஸ்டனும்தான். மின்சாரத்தின் ஒவ்வோர் அலைக்கும் ஒரு துள்ளல், நம் ஊரில் நொடிக்கு 50. அதனால் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று உடலில் அச்சிட்ட பம்பையே வாங்க வேண்டும்.

கொதிகலனை ஒட்டி ஒரு வெப்ப ஃபியூஸ் இருக்கும். தெர்மோஸ்டாட் கைவிட்டால் கடைசியாகக் காப்பாற்றுவது அதுதான். அது போய்விட்டால் ‘டைரக்ட்’ செய்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதே டிகிரி குறித்த புதியதைப் போட வேண்டும். சால்டர் வைக்காமல் கிரிம்ப் செய்து இணைக்க வேண்டும், சால்டரின் சூட்டிலேயே அது அறுந்துவிடும். கடலோர ஈரக் காற்றில் மாதக்கணக்கில் சும்மா கிடந்த மெஷின் செருகியதும் டிரிப் ஆனால், சூடேற்றி செத்துவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். சூடேற்றிக்குள் இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரத்தை இழுக்கும். எலக்ட்ரீஷியன் மெகரில் சோதித்து உலர்த்தினால் பல சூடேற்றிகள் மீண்டும் வேலை செய்கின்றன.

கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்கி, முழுவதும் ஆறவிட்டு, நீராவியைத் திறந்து அழுத்தத்தைப் போக்கிவிட வேண்டும். திரும்பப் பூட்டும்போது போல்ட்டுகளை எதிரெதிராக, மூன்று நான்கு தவணையில் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்; அப்போதுதான் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாக இறங்கும். டீசல் இன்ஜினின் சிலிண்டர் ஹெட்டை மெக்கானிக் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இறுக்குவதற்கும் இதே காரணம்தான். நாம் ஸ்பேனரில் கொடுக்கும் விசையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கை உராய்வே தின்றுவிடுகிறது. மரையில் கிரீஸ் பட்டிருந்தால் அந்தக் கணக்கு மாறும். வழக்கமான பலத்தைக் கொடுத்தாலே அலுமினிய மரை பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

இவ்வளவும் தெரிந்த மெக்கானிக்குகள் காசிமேட்டிலும் ராயபுரத்திலும் இருக்கிறார்கள். அவர்களிடம் இல்லாதது ஒன்றுதான்: மெஷின் செய்தவர் வைத்திருக்கும் அளவுப் பட்டியல். மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்காகக் குழு அமைத்தது, அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென இணையதளமும் தொடங்கியது. விவசாயக் கருவிகள், கைபேசிகள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை அதில் சேர்த்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இதற்குச் சட்டமே இயற்றியது. நம் நாட்டிலும் இது சட்டமாக வேண்டும். சட்டம் வரும்போது ‘உதிரிபாகம் கிடைக்கும்’ என்ற ஒரு வரியோடு நிறுத்தாமல், ஒவ்வொரு கேஸ்கெட்டும் எந்த ரப்பர், என்ன அளவு, எத்தனை டிகிரி தாங்கும் என்று வெளியிடுவதையும் கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை வாங்குபவர்கள் நாம் கேட்க வேண்டும். மெஷினுக்குப் பணம் கட்டும் முன் உதிரிபாக வரைபடம் கேளுங்கள். தர மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். ஏற்கெனவே மெஷின் வைத்திருப்பவர்கள், அடுத்த முறை கேஸ்கெட் மாற்றும்போது உலோகப் பள்ளத்தின் ஆழத்தையும் இரண்டு விட்டங்களையும் அளந்து, போட்ட ரப்பரின் பெயரோடு சேர்த்து மெஷினின் அடிப்பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். இனி கடையில் சாம்பிள் கேட்டால் அந்தத் தாளைக் காட்டுங்கள்.